கணிதம் ‘கம’ ஆன இரண்டு கிழமை

போன வருட மாரிமழைக் காலம். நெல்லியடிச் சந்தியிலிருந்து உடுப்பிட்டிப் பக்கம் போகும் வீதியில், விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கான சிறிய கல்வி நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு சனிக்கிழமை மத்தியானம், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஓர் இயந்திரத்தை ‘இனித் திருத்த முடியாது’ என்று கடிதம் எழுதி, அதன் அடியில் கையெழுத்துப் போட நான் பேனாவைத் திறந்துவிட்டேன். அந்தக் கையெழுத்து விழாமல் போன கதைதான் இது.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாண நகரில் ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன். தோட்டத்து நீர்ப்பம்பியைக் கைத்தொலைபேசியால் நிறுத்துகிற பெட்டி, கோழிப்பண்ணைச் சூட்டைக் கவனிக்கிற பெட்டி என்று சின்னச் சின்ன மின்னணுப் பெட்டிகளைச் செய்கிறோம். அவற்றுக்குள் ஓடும் நிரலை எழுதுவது நான். இப்படிப்பட்ட பெட்டி வேறொரு இயந்திரத்தோடு பேச ஒரு வாசல் உண்டு. அதற்குப் பெயர் சீரியல் போர்ட். எழுத்துகள் அதன் வழியே ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் போகும். அந்த வாசலைத் திறந்து, மூடி, காவல் பார்க்கிற நிரலுக்கு ட்ரைவர் என்று பெயர். இதை அம்மாவுக்கு எத்தனையோ தரம் விளக்கிவிட்டேன். அவர் இன்னமும் சொந்தக்காரரிடம், “எங்கடை பிள்ளை ட்ரைவர் வேலை பாக்குது” என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்த நிலையத்தின் பொறுப்பாளர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எல்லோருக்கும் ‘சேர்’. என்னுடன் வேலை செய்பவர் ஒருவர் சொல்லித்தான் அவர் என்னைத் தேடிப் பிடித்தார். நிலையத்தில் ஒரு பிரெயில் அச்சு இயந்திரம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து யாரோ எப்போதோ கொடுத்தது. அது தாளில் மை பூசுவதில்லை. உள்ளே இருக்கும் ஆறு ஊசிகளால் குத்திப் புள்ளிகளை எழுப்பும். அந்தப் புள்ளிகளை விரலால் தடவிப் பிள்ளைகள் வாசிப்பார்கள். அதோடு இணைந்திருந்த பழைய கணினி ஒரு மின்னலோடு போய்விட்டது. புதிதாக வந்த மடிக்கணினியில் அந்தப் பழைய வாசல் இல்லை. கடையில் வாங்கிய இணைப்பு வயரைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இயந்திரம் தாள் மாற்றுகிற நேரம் மடிக்கணினி நிற்காமல் எழுத்துகளைத் தள்ள, பாதி கொட்டுப்பட்டுப் போனது.

“பிள்ளை, இதுக்கு ஏதும் செய்யலாமோ?” என்று சேர் கேட்டார். “பதினோராம் வகுப்பிலை சாதாரண தரச் சோதினை எடுக்கிற பிள்ளையள் ஆறு பேர் இருக்கினம். கணக்குக்கு ஒரு முன்னோடிச் சோதினை வைக்கவேணும். வினாத்தாளை அவை தங்கடை கையாலை வாசிக்கோணும்.”

நடுவில் ஒரு சின்னப் பெட்டி வைத்தால் முடிந்தது. அது மடிக்கணினி அனுப்புவதை வாங்கி வைத்துக்கொண்டு இயந்திரத்துக்கு ஆறுதலாக, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டும் என்று கணக்குப் போட்டேன்.

“ஒரு கிழமை தாங்கோ சேர், ஏழு நாள் போதும்” என்றேன். அந்த வாயை அப்போது கொஞ்சம் அடக்கியிருக்கலாம்.

அங்கே இன்னொருவர் இருந்தார். நாற்பது வயது இருக்கும். பிறந்ததிலிருந்தே கண்பார்வை இல்லை. இயந்திரத்திலிருந்து வரும் ஒவ்வொரு பக்கத்தையும் விரலால் வாசித்துப் பிழை பிடிப்பது அவர் வேலை. நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். முதல் நாளே என் கையைப் பிடித்து இயந்திரத்தின் மூடியில் வைத்து, “சூடேறினால் கொஞ்சம் முனகும். பயப்பிடாதையும். அது இதின்ரை சுபாவம்” என்றார்.

பெட்டியை ஒரு கிழமைக்குள் செய்து முடித்துவிட்டேன். இயந்திரத்தின் கையேடு பாதிப் பக்கம் இல்லாத ஒரு ஒளிப்பிரதி. நல்ல காலம், வாசல் எப்படித் திறக்க வேண்டும் என்ற பக்கம் இருந்தது. அதில் சொன்னபடியே எழுதினேன். பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தவுடன் அது தானாகவே ஒரு பரீட்சை வரியை இயந்திரத்துக்கு அனுப்பும்படியும் வைத்தேன். அ, ஆ, இ, ஈ என்று தொடங்கி ஒரு வரி. செருகினேன். இயந்திரம் தடதடவென்று குத்தியது. அக்கா தாளை இழுத்து விரல் ஓட்டினார்.

“சரியாய் இருக்கு. ஒண்டும் விடேல்லை.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. சேர் குடிக்க ரீயும் கடிக்க ரோல்ஸும் வாங்க ஆள் அனுப்பினார். அந்தச் சந்தோசத்தில் மடிக்கணினியிலிருந்து வினாத்தாளின் முதல் பக்கத்தை அனுப்பினேன். இயந்திரம் குத்தியது, தாள் வந்தது, தாள் முழுக்கப் புள்ளிகள். என் கண்ணுக்கு அது வெற்றிதான். அக்கா மேல் வரியைத் தடவினார். நிறுத்தினார். திரும்பவும் தடவினார்.

“இது என்ன பாஷை?”

“தமிழ்தான் அக்கா.”

“தலைப்பு என்ன?”

“கணிதம்.”

“இதிலை ‘கம’ எண்டு கிடக்கு.” விரல் கீழே போனது. “பள்ளிக்கூடத்தின்ரை பேர் வாற இடத்திலை ‘பளளககூம’. பிறகு ‘யழபபம’. அது எங்கை இருக்கிற ஊர்?”

யாழ்ப்பாணம்தான் அது. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் இல்லை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது. சேர் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று சிரிக்க முடிந்தது.

அடுத்த ஒரு கிழமை சிரிக்க முடியவில்லை. வேலை முடிய ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராக நெல்லியடிக்கு வருவேன். மழைக்கோட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு இயந்திரத்துக்கு முன்னால் இருப்பேன். வயரை மாற்றினேன். வேகத்தைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். வேறொரு மடிக்கணினியை இரவல் வாங்கினேன். ஒவ்வொரு முறையும் பெட்டியைச் செருகியவுடன் பரீட்சை வரி அச்சொட்டாக வரும். மடிக்கணினியிலிருந்து அனுப்பினால் ‘கம’தான் வரும்.

அந்த நாட்களில் அக்கா எப்போதும் பக்கத்தில் இருந்தார். நான் எறிந்த தாள்களை எல்லாம் எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருப்பார். இடைக்கிடை ஏதோ சொல்லப் பார்ப்பார். “தங்கச்சி, நான் ஒண்டு கவனிச்சனான்” என்று தொடங்குவார். “ஒரு நிமிசம் அக்கா” என்பேன். அந்த ஒரு நிமிசம் ஒருநாளும் முடியவில்லை. உண்மையைச் சொன்னால், பிழை கண்டுபிடிப்பது என் வேலை, பிழை இருக்கிறது என்று சொல்வது மட்டும்தான் அவர் வேலை என்று நான் நினைத்திருந்தேன்.

இரண்டாவது சனிக்கிழமை வந்தது. அடுத்த திங்கட்கிழமை முன்னோடிச் சோதனை. காலையிலிருந்து இருந்து பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தேன். என் தர்க்கம் இதுதான்: பரீட்சை வரி சரியாக வருகிறது, ஆகவே பெட்டியில் பிழை இல்லை. மடிக்கணினித் திரையில் எழுத்து சரியாக இருக்கிறது. ஆகவே அதிலும் பிழை இல்லை. மிஞ்சியது இயந்திரம். ஒரு வரி என்றால் சமாளிக்கிறது, பக்கம் முழுக்க என்றால் கிழட்டு ஊசிகள் களைத்துப்போகின்றன. கைத்தொலைபேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். சில புள்ளிகள் கொஞ்சம் ஆழம் குறைவாக இருப்பது போலக்கூடத் தெரிந்தது. நம்ப வேண்டும் என்று நினைத்துவிட்டால் கண்ணும் உதவிக்கு வந்துவிடுகிறது.

சேரிடம் சொன்னேன்.

“அப்ப ஒரு கடிதமாய் எழுதித் தாரும் பிள்ளை. நிலையத்தின்ரை கமிற்றிக்குக் காட்டோணும். அவை ஏற்கெனவே உதைக் கழிச்சுப்போட்டு அறையை வெளியாக்கச் சொல்லிக்கொண்டிருக்கினம். திங்கட்கிழமைக்கு வாசிச்சுக் காட்டுறதுக்கு ஆறு பேரைப் பிடிக்கிறன்.”

“கணக்கை வாசிச்சுக் காட்டுறதோ?” என்று அக்கா மூலையிலிருந்து கேட்டார். “சேர், நீங்கள் கணக்குப் படிப்பிச்ச ஆள். ஒரு சமன்பாட்டை ஒருத்தர் வாசிக்க, தாளைப் பாக்காமல் நீங்கள் செய்வியளோ? போன தவணைச் சோதினையும் அப்பிடித்தான் செய்தது. கேள்வியை ஞாபகம் வைக்கிறதோ, கணக்கைச் செய்யிறதோ எண்டு பிள்ளையள் அழுததுகள்.”

தலையைக் குனிந்துகொண்டு கடிதத்தை எழுதினேன். ‘பரிசோதித்துப் பார்த்ததில் ஊசிகள் தேய்ந்துள்ளமையால், இனித் திருத்த முடியாது’ என்று முடித்தேன்.

“என்ன எழுதினனீர்? வாசியும்” என்றார் அக்கா.

வாசித்தேன்.

“எந்த ஊசி?”

“என்ன அக்கா?”

“ஆறு ஊசியெல்லோ இருக்கு. எந்த ஊசி தேஞ்சு போச்சு?”

இரண்டு கிழமைக் களைப்பும் தோல்வியும் சேர்ந்து அந்த நேரம் என் வாயில் வந்துவிட்டது. “அக்கா, இது எழுத்து வாசிக்கிற விசயம் இல்லை. மெஷினுக்குள்ளை நடக்கிற விசயம். உங்களுக்கு விளங்காது.”

சொல்லி முடிந்த கையோடே நாக்கைக் கடித்துக்கொண்டேன். சேர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அக்கா கோபிக்கவில்லை. மடியில் இருந்த தாள்களில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். என் சுட்டுவிரலைப் பிடித்து ஒரு புள்ளிக் கூட்டத்தின் மேல் வைத்தார்.

“இது ப. இதுக்கு ஒண்டு, இரண்டு, மூண்டு, நாலு எண்டு நாலு ஊசி வேலை செய்யோணும். உம்மடை தாளிலை ப எல்லா இடத்திலையும் வந்திருக்கு. ல-வுக்கு ஒண்டு, இரண்டு, மூண்டு மட்டும் போதும். ப-வுக்குள்ளை ல இருக்கு, தங்கச்சி. ஆனால் ஒரு ல-வும் வரேல்லை. ப குத்துற ஊசிக்கு ல குத்தேலாதோ?”

அக்கா என் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.

“ச-வுக்கு ஒண்டும் நாலும். ம-வுக்கு ஒண்டு, மூண்டு, நாலு. ம வராத இடமே இல்லை. ச ஒருநாளும் வந்ததில்லை. ஊசிக்குப் புள்ளி மட்டும்தான் தெரியும். எழுத்துத் தெரியாது. இது ஆரோ எழுத்துத் தெரிஞ்ச ஆள் செய்யிற வேலை.”

என் காது சூடாகிவிட்டது. மூன்று வருடம் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்ததும், இத்தனை பெட்டி செய்ததும், கைத்தொலைபேசி வெளிச்சத்தில் ஊசித் தேய்வைக் ‘கண்டதும்’ எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் நிற்கவில்லை. ஊசி தேய்ந்திருந்தால் ஒரு புள்ளி எல்லா எழுத்திலும் குறைந்திருக்கும். இங்கே புள்ளி குறையவில்லை. முழு எழுத்தாகத் தெரிந்தெடுத்து யாரோ வெளியே எறிகிறார்கள்.

பேனாவை மூடினேன். “அக்கா, எந்தெந்த எழுத்து வருகுது, எது வரேல்லை எண்டு முழுசாய்ச் சொல்ல ஏலுமோ?”

“அதைத்தானே ஒரு கிழமையாய்ச் சொல்ல வாறன். ஒவ்வொரு எழுத்தையும் ஒவ்வொரு வரியிலை அஞ்சு தரம் அடியும். மேலை புள்ளி போடாமல், வெறும் எழுத்தாய்.”

அடித்து அனுப்பினேன். தாள் வந்தது. அவர் விரல் வரி வரியாக இறங்கியது. “க இருக்கு. ங இருக்கு. ச, வெறும் வரி. ஞ இருக்கு. ட இல்லை. ண இல்லை. த இல்லை. ந இருக்கு...” நான் கொப்பியில் குறித்துக்கொண்டே போனேன். பதினெட்டில் பத்து வந்திருந்தது, எட்டு வரவில்லை. மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பிரெயிலில் தனிக் குறி ஒன்று உண்டு, அதுவும் வரவில்லை. அதனால்தான் ‘யழபபம’.

அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில், அது வாசல் வழியே எப்படிப் போகிறது என்று எழுதத் தொடங்கினேன். ஓர் எழுத்து என்பது வயரில் ஏழு இலக்கங்கள்தான்; ஒவ்வொன்றும் ஒன்று அல்லது பூச்சியம், எங்கள் பேச்சில் பிட். ப-வை எழுதினேன், அதில் ஒன்றுகள் இரண்டு. க-வில் நான்கு. ம-வில் நான்கு. பிறகு வராதவை. ச-வில் மூன்று. ல-வில் மூன்று. த-விலும் மூன்று. ன-வில் ஐந்து. வந்த எழுத்து ஒவ்வொன்றிலும் ஒன்றுகள் இரட்டை எண்ணிக்கை. வராத எழுத்து ஒவ்வொன்றிலும் ஒற்றை. ஒன்றுகூடப் பிசகவில்லை.

“அக்கா!” என்று நான் போட்ட சத்தத்தில் சேர் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தார்.

விளக்கினேன். ஏழு பிட்டுகளின் பின்னால் எட்டாவதாக ஒரு காவல் பிட் போகவேண்டும். எங்கள் தொழிலில் பரிட்டி என்பார்கள். அதன் ஒரே வேலை, ஒன்றுகளின் எண்ணிக்கையை எப்போதும் இரட்டையாக்குவது. இயந்திரம் ஒவ்வொரு எழுத்திலும் ஒன்றுகளை எண்ணிப் பார்க்கும். ஒற்றையாக வந்தால், வழியில் பழுதாகிவிட்டது என்று எடுத்து எறிந்துவிடும். காவலில்லாமல் எழுத்தை அனுப்பினால், தற்செயலாக இரட்டையாக இருப்பவை மட்டும் தப்பும். சொல்லுக்கு நடுவே விடும் இடைவெளியிலும் ஒரே ஓர் ஒன்றுதான், அதுவும் ஒற்றை. அதனால்தான் சொற்கள் ஒட்டின.

அக்கா கொஞ்சம் யோசித்தார். “அப்ப இந்த மெஷின் இவ்வளவு நாளும் சரியாய்த்தான் வேலை செய்திருக்கு. பிழையாய் வந்ததை வாங்கமாட்டன் எண்டு சொல்லியிருக்கு.”

“ஓம் அக்கா.”

“நல்லது. அப்ப காவல்காரனை ஆர் அனுப்பாமல் விட்டது?”

அதுதான் கேள்வி. என் நிரலில் காவல் பிட் போடு என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். பரீட்சை வரியும் அதோடுதான் போகிறது. அதனால்தான் சரியாக வருகிறது. மடிக்கணினியிலிருந்து அனுப்பும்போது மட்டும் யார் அதை எடுக்கிறார்கள்? ட்ரைவரை மேலிருந்து கீழாக வாசித்தேன். இந்த முறை, என்ன எழுதியிருக்க வேண்டும் என்று நினைத்து வாசிக்காமல், என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்தேன். இருபது நிமிடத்தில் அகப்பட்டது.

மடிக்கணினி ஒரு வாசலைத் திறக்கும்போது தன் வழக்கப்படி ஒரு கட்டளை அனுப்பும்: வேகம் இவ்வளவு, காவல் வேண்டாம். என் ட்ரைவரில் ஒரு பகுதி அந்தக் கட்டளையை அப்படியே வாங்கி, இயந்திரத்தின் பக்கமும் காவலை நிறுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பகுதியை நீர்ப்பம்பிப் பெட்டியிலிருந்து நான்தான் எடுத்து ஒட்டியிருந்தேன். அங்கே அது தேவை. இங்கே விசம். பெட்டியைச் செருகியவுடன் மடிக்கணினி இன்னும் பேசத் தொடங்கியிருக்காது. அதனால் பரீட்சை வரி தப்பியது. என்னை ஏமாற்றியது நான் நம்பிக்கொண்டிருந்த அந்தப் பரீட்சை வரிதான்.

நான்கு வரிகளை அழித்தேன். புதிய நிரலைப் பெட்டிக்குள் ஏற்றினேன். மடிக்கணினியில் வினாத்தாளைத் திறந்து, அனுப்பு என்று அழுத்தப் போகிற நேரம் கறண்ட் போய்விட்டது.

சேர் மின்சார சபையைத் திட்டிக்கொண்டு வெளியே போனார். நானும் அக்காவும் இருட்டிப்போன அறையில் மழையைக் கேட்டுக்கொண்டு இருந்தோம். இருட்டு எனக்கு மட்டும்தான். அவர் எழும்பிப் போய்ச் சுடுதண்ணிப் போத்தலிலிருந்து இரண்டு கோப்பையில் பாலில்லாத பிளேன்ரீ ஊற்றி, ஒரு துளி சிந்தாமல் கொண்டுவந்து தந்தார்.

“அக்கா, நான் அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“கதைச்சது பரவாயில்லை. கேக்காமல் விட்டதுதான் எனக்குக் கோபம்” என்றார். “ஒரு கிழமை. பிள்ளையளுக்கு ஒரு கிழமை வீணாய்ப் போட்டுது.”

ரீயைக் குடித்தேன்.

முக்கால் மணித்தியாலம் கழித்துக் கறண்ட் வந்தது. பெட்டியின் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. பரீட்சை வரி வந்தது. அதை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மடிக்கணினியிலிருந்து அனுப்பினேன்.

இயந்திரம் குத்தத் தொடங்கியது. முதல் வரி முடிய முன்னமே அக்கா நிமிர்ந்தார்.

“சத்தம் வேறை.”

“என்ன அக்கா?”

“முந்தி விட்டு விட்டுக் குத்தினது. இப்ப நெருக்கமாய்க் குத்துது. இப்பதான் முழுசாய்க் கதைக்குது!”

தாள் முழுதாக வெளியே வரும்வரை அவர் பொறுக்கவில்லை. வந்துகொண்டிருந்த தாளிலேயே விரலை வைத்தார். சேர் கதவடியில் நின்றார்.

“க... ணி... த... ம்.”

நிறுத்தினார். இன்னொரு தரம் தடவினார். “கணிதம்! சேர், கணிதம் எண்டு வந்திருக்கு!” கீழே போனார். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வந்திருந்தது. யாழ்ப்பாணம் யாழ்ப்பாணமாக வந்திருந்தது. சொல்லுக்குச் சொல் இடைவெளி இருந்தது. அவர் வாசிக்க வாசிக்க நான் திரையில் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசி வரியின் கடைசி எழுத்துவரை ஒன்றும் விடுபடவில்லை.

நான் குதித்தேன். மெய்யாகவே குதித்தேன். முப்பது வயதில், ஈரச் சப்பாத்தோடு. அக்கா இயந்திரத்தின் மூடியில் இரண்டு கையாலும் தட்டித் தட்டிச் சிரித்தார். சேர் மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்து, இரண்டாகக் கிழித்து, பிறகு நான்காகக் கிழித்து, சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று மாலைக்குள் ஆறு பிள்ளைகளுக்கும் வினாத்தாள் அடித்து முடித்தோம். நான் தாள் போட்டேன், சேர் பக்கம் அடுக்கினார், அக்கா ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்தார். மூன்றாம் பக்கத்தில் அவர் விரல் திடீரென்று நின்றது.

“இங்கை ஒரு பிழை.”

“என்ரை பெட்டியோ, அக்கா?”

“இல்லை, இது சேர்.” குரலில் சிரிப்பு. “சேரின்ரை முக்கோணத்திலை மூண்டு கோணத்தையும் கூட்டினால் நூற்றுத் தொண்ணூறு பாகை வருகுது.”

முப்பது வருடம் கணக்குப் படிப்பித்த மனிதர் வெட்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திருத்தி இன்னொரு முறை அடித்தோம்.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. யன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். ஆறு பிள்ளைகளும் தங்கள் தங்கள் தாளில் விரல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை கேள்வியின் பாதியில் நின்று, மேலே திரும்பிப் போய், முதல் வரியை இன்னொரு தரம் வாசித்தது. வாசித்துக் காட்டுகிற ஆளிடம் “இன்னொருக்கால் சொல்லுங்கோ” என்று கெஞ்சாமல், தன் பாட்டில், தனக்கு வேண்டிய வேகத்தில்.

முடிந்து வெளியே வந்த குருநகரிலிருந்து வருகிற பிள்ளை ஒன்று அக்காவிடம் நேராக வந்து முறைப்பாடு வைத்தது: “எட்டாம் கேள்வி சரியான கஷ்டம். ஆர் உப்பிடிக் கேள்வி போட்டது?”

கேள்வி கஷ்டம் என்று ஒரு பிள்ளை சொல்வதைக் கேட்டு மூன்று பெரிய ஆட்கள் அவ்வளவு சந்தோசப்பட்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பிறகு அந்தப் பிள்ளைகள் உண்மைச் சோதனையையும் எழுதினார்கள். ஆறு பேரும் கணக்கில் சித்தியடைந்தார்கள். இயந்திரம் இன்றைக்கும் ஓடுகிறது. கமிற்றி அறையை வெளியாக்கச் சொல்வதை விட்டுவிட்டது. நானும் மாதம் ஒரு முறையாவது அங்கே போகிறேன். அக்கா புதிய வேலை வைத்திருப்பார்: தாள் முடியப் போவதைப் பெட்டி சத்தம் போட்டுச் சொல்லவேண்டும், பக்க இலக்கம் தானாக விழவேண்டும் என்று. இப்போது அவர் சொல்லச் சொல்ல நான் கொப்பியில் எழுதிக்கொள்கிறேன்.

என் மற்ற வேலைகளும் மாறிவிட்டன. தோட்டக்காரர் ஒருவர் “பம்பி தன்ரை எண்ணத்துக்கு நிக்குது” என்று சொன்னால், முன்பென்றால் மனதுக்குள் சிரித்துவிட்டுப் பெட்டியைக் கழற்றுவேன். இப்போது முதலில் அவரோடு வரம்பில் நின்று, எப்போது நிற்கிறது, எப்போது நிற்கவில்லை என்று கேட்டு முடிக்கிறேன். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

அந்த ட்ரைவரை எழுதியது நான், அதைத் திருத்தியது நாங்கள் இரண்டு பேர் என்று யாரிடம் சொன்னாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. நான் தனியாகச் செய்து முடித்த எந்தப் பெட்டியும் இன்றுவரை அந்தப் பெருமையைத் தந்ததில்லை.